மலை மேல் ஒரு கேம் கம்ப்யூட்டர்: லிஸ்டின் கடைசி வரியை முதலில் எழுதுங்கள்

"மாமா, லிஸ்ட் போட்டுட்டேன். பார்த்துச் சொல்லுங்க" என்று என் அக்கா மகன் ஒரு நோட்டுப் பக்கத்தை நீட்டினான். இது 2024 ஆகஸ்ட் மாதம் கோத்தகிரியில் எங்கள் வீட்டில் நடந்தது. அவன் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தான். கேம் விளையாட வேண்டும், வீடியோ எடிட்டிங் கற்றுக் கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. அக்கா வீட்டில் ஒரு ஏக்கருக்குச் சற்று அதிகமான தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பச்சைத் தேயிலை விற்ற பணத்தில் சீட்டுக் கட்டி, அதை எடுத்து, 95,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். இன்னொரு முறை அவ்வளவு தொகை சேர வேண்டும் என்றால் இரண்டு மூன்று வருடங்கள் ஆகும்.

லிஸ்டைப் பார்த்தேன். முதல் வரியில் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்ட். அடுத்து பிராசசர், தண்ணீர் ஓடும் கூலர், வண்ண விளக்குகள் எரியும் ராம். கடைசி வரியில், "கேபினெட், எஸ்.எம்.பி.எஸ். சேர்த்து 3,500". யு.பி.எஸ். என்ற சொல்லே இல்லை.

புதிதாக கேம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைக்கும் பலர் எழுதும் லிஸ்ட் இப்படித்தான் இருக்கிறது. இருபது வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் எழுதினேன். அதனால் என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் கம்ப்யூட்டர்

2004ல் கோவையில் ஒரு கடையில் பென்டியம் 4 சிஸ்டம் ஒன்றை அசெம்பிள் செய்து வாங்கினேன். 256 எம்பி ராம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், பெட்டியில் "128 எம்பி" என்று பெரிதாக அச்சிட்ட ஒரு கிராபிக்ஸ் கார்ட். கனமான பழைய மானிட்டரை மடியில் வைத்துக் கொண்டு குஞ்சப்பனை வளைவுகளில் பஸ்ஸில் ஏறி வந்தது இன்றும் நினைவில் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டுடன் இலவசமாக வந்தது. அதன் மேல் "450 வாட்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

2005 மே மாதம் அக்காவின் திருமணம். நண்பர் ஒருவர் தன் டிஜிட்டல் கேமராவில் எடுத்த முந்நூறு போட்டோக்களை அந்த கம்ப்யூட்டரில் போட்டு வைத்தேன். சி.டி.யில் காப்பி எடுக்க வேண்டும் என்று நினைத்துக் கொண்டே இருந்தேன். நவம்பரில் ஒரு மழை நாள் மாலை. விளக்குகள் மங்கி, அணைந்து, சட்டென்று மிகவும் பிரகாசமாக எரிந்தன. கேபினெட்டுக்குள் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. எஸ்.எம்.பி.எஸ். போனது. போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்துக் கொண்டு போனது. ஸ்டூடியோக்காரர் எடுத்த ஆல்பம் மட்டும் தப்பியது. எங்கள் அப்பா பந்தியில் நின்று சிரித்துக் கொண்டே பரிமாறும் போட்டோ ஆல்பத்தில் இல்லை. அது ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தது.

அதனால்தான் மகனின் லிஸ்டை நான் படித்துக் கொண்டிருந்தபோது அக்கா ஒரே கேள்வி கேட்டார். "அந்த போட்டோ மாதிரி இதுவும் போயிடாதே?"

போகாமல் இருக்க வேண்டும் என்றால் லிஸ்டைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும். மின்சாரம் முதலில், மற்றவை பிறகு.

எஸ்.எம்.பி.எஸ்.: ஸ்டிக்கரைப் படியுங்கள்

வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் மின்சாரம். கம்ப்யூட்டரின் உள்ளே தேவைப்படுவது 12, 5, 3.3 வோல்ட் மின்சாரம். இந்த மாற்றத்தைச் செய்யும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் வழியில்தான் மின்சாரம் எடுக்கின்றன. எனவே பெட்டியின் மேல் பெரிதாக இருக்கும் வாட் எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டில் உள்ள ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்பதற்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்று இருந்தால் 216 வாட்தான் கிடைக்கும். வெளியே 450 வாட் என்று எழுதியிருந்தாலும் அதுதான் உண்மை. 45 ஆம்பியர் என்று இருந்தால் 540 வாட். அது 550 வாட் என்று சொல்லி விற்கத் தகுதியானது.

இரண்டாவதாக, ஸ்டிக்கரில் இன்புட் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கிறதா, ஆக்டிவ் பி.எஃப்.சி. என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவை இருந்தால் மாலையில் வோல்டேஜ் இறங்கினாலும் சிஸ்டம் தடுமாறாது. எங்கள் ஊர்ப் பக்கம் லைன் தோட்டங்களையும் மரங்களையும் தாண்டி வருவதால், மழைக்காலத்தில் இது மிகவும் தேவைப்படும்.

மூன்றாவது, "80 ப்ளஸ்" என்ற முத்திரை. 2004ல் தொடங்கிய இத்திட்டம், எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்று அளந்து சான்று தருகிறது. பிரான்ஸ் தரம் என்றால் பாதி லோடில் சுமார் 85 சதவீதம் பயன்படும். ஆனால் இது மின் சிக்கனத்திற்கான முத்திரை மட்டுமே. அதிக வோல்டேஜ், அதிக கரண்ட், ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டா என்று தனியாகக் கேளுங்கள். எத்தனை வருட வாரண்டி என்றும் கேளுங்கள். ஐந்து வருடம் தரும் நிறுவனம் தன் பொருளை நம்பித்தான் தருகிறது.

எவ்வளவு வாட் தேவை?

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, கூட்டல் கணக்குதான். நாங்கள் தேர்ந்தெடுத்த கிராபிக்ஸ் கார்ட் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060. இது 2023ல் வந்தது. அதிகபட்சம் 115 வாட் எடுக்கும். ஏ.எம்.டி. ரைசன் 5 7600 பிராசசர் 65 வாட் வகை. முழு வேகத்தில் 88 வாட் வரை போகும். மதர்போர்ட், ராம், எஸ்.எஸ்.டி., ஃபேன்கள் எல்லாவற்றிற்கும் 50 வாட் வையுங்கள். மொத்தம் சுமார் 250 வாட். 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று இதனை வியர்க்காமல் சுமக்கும். பின்னால் சற்றுப் பெரிய கார்டுக்கு மாறவும் இடம் இருக்கும். இந்த சிஸ்டத்திற்கு 850 வாட் வாங்குவது வீண் செலவு.

யு.பி.எஸ்.: வி.ஏ. வேறு, வாட் வேறு

வீடுகளில் சாதாரணமாக வாங்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தருவது 360 வாட்தான். நம் 250 வாட் சிஸ்டம், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வீணாவதையும் சேர்த்து சுவரிலிருந்து 295 வாட் எடுக்கும். மானிட்டருக்கு 25 வாட். ஆக 320. கணக்கில் இது 360க்குள் வந்தாலும், கிராபிக்ஸ் கார்ட் சில நொடிகள் கூடுதலாக இழுக்கும்போது யு.பி.எஸ். கைவிட்டுவிடும். எனவே 1,000 வி.ஏ.க்குக் குறையாமல் வாங்கினோம். கேமுக்கு நடுவில் கரண்ட் போனால் விளையாட்டைத் தொடர அல்ல, சேவ் செய்து நிறுத்தச் சில நிமிடங்கள் கிடைக்கத்தான் யு.பி.எஸ். இதன் பேட்டரியை இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவையும் மனதில் வையுங்கள்.

இன்னொரு விஷயம். விலை குறைந்த யு.பி.எஸ்.கள் பேட்டரியில் ஓடும்போது தரும் மின்சாரம், மின்வாரியம் தருவது போன்ற சீரான அலை அல்ல. படிக்கட்டு போல வெட்டிய அலை. ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ள சில எஸ்.எம்.பி.எஸ்.கள் இதை ஏற்காமல் நின்றுவிடும். எனவே வாங்கிய முதல் வாரத்திலேயே, முக்கிய வேலை எதுவும் திறந்திருக்காதபோது, கேமை ஓடவிட்டு யு.பி.எஸ்.ஸின் சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். சிஸ்டம் நின்றால் உடனே கடையில் பேசி மாற்றுங்கள்.

இவ்வளவும் வாங்கி வீட்டில் எர்த் சரியில்லை என்றால் பயனில்லை. மூன்றாவது துளை இருப்பதாலேயே எர்த் இருப்பதாக அர்த்தம் இல்லை. பழைய வீடுகளில் பல இடங்களில் அதற்கு ஒயரே இணைத்திருக்க மாட்டார்கள். கேபினெட்டைத் தொட்டால் விரலில் லேசாகச் சுருக்கென்று இருந்தால், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அக்கா வீட்டில் புதிதாக எர்த் போட்ட பிறகே லிஸ்டின் அடுத்த வரிக்குப் போனோம்.

கிராபிக்ஸ் கார்ட்: பெட்டியில் உள்ள எண்ணுக்கு மயங்காதீர்கள்

2004ல் "128 எம்பி" என்ற எண்ணைப் பார்த்து நான் ஏமாந்தேன். கார்டில் மெமரி அதிகமாக இருந்தது, ஆனால் அதிலிருந்த சிப் மெதுவானது. இன்றும் இதே கதைதான், எம்பிக்குப் பதில் ஜிபி. சிப்பின் வேகம் முதலில், மெமரி அடுத்தது.

எந்த மானிட்டரில் விளையாடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1920க்கு 1080 என்ற ஃபுல் எச்.டி. மானிட்டர் என்றால் 8 ஜிபி மெமரி உள்ள நடுத்தர கார்ட் போதும். சில புதிய கேம்களில் டெக்ஸ்சர் அளவை உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி திணறும். ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும். இப்போது வாங்குபவர்களுக்கு 2025ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 இதன் அடுத்த தலைமுறை. இதற்கு 145 வாட். ஆர்டிஎக்ஸ் 5060 டி.ஐ. என்ற கார்ட் ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகைகளில் வருகிறது. பில் போடும்போது எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிராசசர்: மலையில் இருப்பவர்கள் கவனிக்க

பல பிராசசர்களுக்குள்ளேயே ஒரு சிறிய கிராபிக்ஸ் பகுதி இருக்கும். சிலவற்றில் இருக்காது. இன்டெல் பிராசசர்களில் எண்ணுக்குப் பின்னால் "எஃப்" என்ற எழுத்து இருந்தால் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். ரைசன் 5 7500எஃப் என்பதும் அப்படியே. இவை விலை குறைவு என்பதால் கேம் விளையாடுபவர்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

நான் வேண்டாம் என்றேன். கிராபிக்ஸ் கார்ட் பழுதானால் அது சர்வீசுக்காக மலை இறங்க வேண்டும். திரும்பி வர வாரங்கள் ஆகலாம். பிராசசரில் கிராபிக்ஸ் இல்லை என்றால் அதுவரை கம்ப்யூட்டர் வெறும் பெட்டிதான். ரைசன் 5 7600ல் எளிய கிராபிக்ஸ் உண்டு. கேம் ஓடாவிட்டாலும் கல்லூரி வேலை ஓடும். கூடுதலாகக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் இதற்கான காப்பீடு.

இந்த பிராசசர் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் 2022ல் வந்தது. இதே மதர்போர்டில் பின்னால் வரும் பிராசசர்களையும் மாற்றிக் கொள்ளலாம். 2027 வரையிலும் அதற்குப் பிறகும் இந்த சாக்கெட்டைத் தொடர்வதாக ஏ.எம்.டி. அறிவித்துள்ளது. இதில் டிடிஆர் 5 ராம் மட்டுமே பொருந்தும். பழைய டிடிஆர் 4 வைத்திருந்தால் பயன்படாது.

ராம், எஸ்.எஸ்.டி.

16 ஜிபி ராம் வாங்குவதானால் ஒரே ஸ்டிக்காக வாங்காமல் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளாக வாங்குங்கள். இரண்டு வழிகளில் டேட்டா போவதால் வேகம் கிடைக்கும். 6000 என்று எழுதிய ராம், போட்டவுடன் பெரும்பாலும் 4800 வேகத்தில்தான் ஓடும். பயாஸில் போய் எக்ஸ்போ என்பதை ஆன் செய்தால்தான் நீங்கள் காசு கொடுத்த வேகம் வரும். 2025ன் கடைசி மாதங்களில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது. எனவே பழைய பட்ஜெட் லிஸ்டுகளை நம்பாமல் முதலில் ராம் விலையை விசாரித்துவிட்டு மற்றவற்றிற்குப் பணம் ஒதுக்குங்கள்.

எஸ்.எஸ்.டி. 1 டிபி வாங்குங்கள். பெரிய கேம்கள் ஒவ்வொன்றும் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். இடம் போதாமல் அழித்து அழித்து மறுபடி இறக்குவது பெரிய தொல்லை. மலையில் ஹார்ட் டிஸ்க் வேலை செய்யுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். காற்றின் மீது மிதக்கும் ஹெட் என்பதால் உயரத்திற்கு வரம்பு உண்டுதான். ஆனால் அது பொதுவாகச் சுமார் 3,000 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர்தான். பயம் வேண்டாம்.

கூலர்: மலை இலவசமாகத் தருவது

லிஸ்டில் இருந்த தண்ணீர் கூலரை அடித்துவிட்டேன். அக்கா மகனுக்கு வருத்தம். கணக்கைச் சொன்னேன். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் எடுத்துச் செல்லும் வெப்பம் சற்றுக் குறையும். ஆனால் மே மாதம் கோவையில் 36 டிகிரி காற்றை இழுக்கும் ஃபேன், இங்கே 20 டிகிரி காற்றை இழுக்கிறது. நஷ்டத்தைவிட லாபம் அதிகம். ரைசன் 5 7600 பெட்டியிலேயே வரும் கூலர் இங்கு தாராளமாகப் போதும். மிச்சமான பணம்தான் யு.பி.எஸ். ஆனது.

பனிமூட்டம், பூஞ்சை, இடி

மலையில் கேமரா லென்சில் பூஞ்சை பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஈரம் கம்ப்யூட்டருக்கும் எதிரி. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பின் மீது வெதுவெதுப்பான ஈரக் காற்று பட்டால் நீர் படியும், குளிர்ந்த டம்ளர் வியர்ப்பது போல. எனவே கம்ப்யூட்டரை ஜன்னலுக்கு நேராகவோ, ஓதம் இறங்கும் சுவரை ஒட்டியோ, வெந்நீர் கொதிக்கும் இடத்திலோ வைக்காதீர்கள். ஓடும் கம்ப்யூட்டர் அறையைவிடச் சூடாக இருப்பதால் அதில் ஈரம் படியாது. ஊருக்குப் போய் வந்தாலோ, தேர்வு நேரத்தில் மூடி வைத்தாலோ, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு இறுக்கி மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

இடி இடித்தால் ஸ்விட்சை அணைப்பது போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். பிராட்பேண்ட் ஒயரையும் உருவுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

வாங்கும் நாளில்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை குறையும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு பொருள் பழுதானால் 500 கிலோ மீட்டருக்கு மேல் திரும்பப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நாங்கள் கோவையில் வாங்கினோம். ஒவ்வொரு பொருளுக்கும் கோவையில் சர்வீஸ் சென்டர் உண்டா என்று கேட்டோம். சீரியல் எண்களுடன் ஜி.எஸ்.டி. பில் வாங்கினோம். கடையிலேயே அசெம்பிள் செய்து ஒரு மணி நேரம் கேமை ஓடவிட்டுப் பார்த்தோம். பிறகு கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாக வைத்துக் கொண்டோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை சுமார் 33 கிலோ மீட்டரும் வளைவுகள்தான். மாட்டியபடியே கொண்டு வந்தால் கார்டின் எடை மதர்போர்டின் ஸ்லாட்டைப் பதம் பார்க்கும்.

வீட்டில் மறுபடி கார்டை மாட்டி ஆன் செய்தபோது, ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. அக்கா மகன் முகம் வெளுத்துவிட்டது. டிடிஆர் 5 சிஸ்டம் முதல் முறையும், சில மாற்றங்களுக்குப் பிறகும் ராமைச் சோதித்துப் பழகிக் கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். பொறுத்திருங்கள், அணைக்காதீர்கள் என்பதே இதற்கு வைத்தியம். படம் வந்தது. ஆனால் கேம் நத்தை போல நகர்ந்தது. மானிட்டர் ஒயரை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தான். பிராசசரின் சிறிய கிராபிக்ஸ்தான் தனியாகப் போராடிக் கொண்டிருந்தது. ஒயரை மாற்றியதும் கேம் பறந்தது.

அந்த நவம்பரில் ஒரு மாலை இடியுடன் மழை. விளக்குகள் மங்கி அணைந்தன. யு.பி.எஸ். பீப் அடித்தது. அவன் சேவ் செய்து, ஷட் டவுன் கொடுத்து, இரண்டு ஒயர்களையும் உருவிவிட்டு வந்து டார்ச்சைத் தேடினான். மறுநாள் காலை சிஸ்டம் ஒன்றும் நடக்காதது போல ஆன் ஆனது.

அடுத்த ஞாயிறு அக்கா பழைய கல்யாண ஆல்பத்துடன் வந்தார். ஒவ்வொரு போட்டோவாக ஸ்கேன் செய்தோம். ஒரு காப்பி எஸ்.எஸ்.டி.யில், ஒரு காப்பி வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்கில், அந்த டிஸ்க் என் வீட்டு அலமாரியில். அப்பா பரிமாறும் போட்டோ கிடைக்கவில்லை. ஒரு குரூப் போட்டோவில் பின் வரிசையில் அவர் பாதி முகம் தெரிகிறது. அதை மட்டும் அக்கா பெரிதாக்கி பிரிண்ட் எடுத்துக் கொண்டார்.

உங்கள் லிஸ்டையும் ஒரு முறை கீழிருந்து மேலாகப் படித்துப் பாருங்கள். எர்த், யு.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ். மூன்றிற்கும் பணம் ஒதுக்கிய பிறகு மிச்சம் இருப்பதுதான் உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கான பட்ஜெட்.